கேமை விடாமல் கேஸ்டிங்கை விடுவது எப்படி

கேஸ்டிங்கை, அதாவது வீடியோ கேம் போட்டிகளுக்கு (ஈஸ்போர்ட்ஸ்) நேரலையில் வர்ணனை செய்வதை, விட்டுவிட்டேன் என்று யாராவது சொன்னால் உடனே வரும் கேள்வி, "ஏன், கேம் போரடிச்சிருச்சா?" என்பதுதான். எனக்குத் தெரிந்து மைக்கைக் கழற்றி வைத்தவர்களில் கேம் போரடித்துப் போனவர் அபூர்வம். மேட்ச் முடிந்து நள்ளிரவு ஆன பிறகும், அந்தக் கடைசி ரவுண்டில் எதிரணி ஏன் பாதி வழியில் மேப்பின் பி சைட் பக்கம் திரும்பியது என்று விஓடியை (மேட்சின் வீடியோ பதிவை) ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்குகிற ஆட்கள்தான் ஒருநாள் சத்தமில்லாமல் ஒதுங்குகிறார்கள். நம்முடைய ஆசையைக் காட்டியே நம்மிடம் வேலை வாங்குகிறார்கள் என்பது ஒரு கட்டத்தில் புரிந்துவிடுகிறது, அதன்பிறகு உட்கார முடிவதில்லை.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்றால், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம், அதாவது பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் (ஆந்திராச் சித்தூர் இல்லை, கூரியர்காரரும் ஆர்கனைசரும் இதைக் குழப்பிக்கொள்ளாத வருஷம் கிடையாது) உட்கார்ந்துகொண்டு தமிழிலோ மலையாளத்திலோ இரண்டிலுமோ பிஜிஎம்ஐ, வாலரன்ட், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மாதிரி சுடும் கேம்களைக் கேஸ்ட் செய்கிறவர்களுக்கு. விடு என்றும் சொல்லப்போவதில்லை, விடாதே என்றும் சொல்லப்போவதில்லை. எது அரிக்கிறது என்று கண்டுபிடிப்பது, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வது, முடியாவிட்டால் பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு மனஸ்தாபம் இல்லாமல் வெளியே வருவது, அவ்வளவுதான்.

முதலில் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள்

மனசு வெறுத்த நேரத்தில் எடுக்கிற முடிவு பெரும்பாலும் தப்பான காரணத்தின்மேல் விழும். சாட்டில் ஒருவன் திட்டினான் என்று விடுகிறேன் என்பார்கள், நோட்டைப் பார்த்தால் மூன்று மாதப் பணம் வந்திருக்காது. அதனால் ஒரு நோட்டு போடுங்கள். நேரலையில் பேசிய நேரம், காத்திருந்த நேரம், தயாரிப்பு நேரம், பயண நேரம், பேசிய தொகை, அது கைக்கு வந்த தேதி, அன்று நீங்கள் உங்களுக்காக மட்டும் கேம் ஆடிய நேரம், மறுநாள் காலை தொண்டை எப்படி இருந்தது. இதில் கடைசி இரண்டையும் யாரும் எழுதுவதில்லை, அதிகம் காட்டிக்கொடுப்பது அவைதான்.

உதாரணத்துக்கு ஒரு நாளுக்கு 3,000 ரூபாய் பேசியிருக்கிறார்கள் என்று வையுங்கள். பிஜிஎம்ஐ என்றால் 16 டீம், 64 பேர், 6 மேட்ச், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மூன்று மணி நேரப் பேச்சு, கை நிறையக் காசு. ஆனால் டெஸ்க் (மேட்ச்களுக்கு நடுவே உட்கார்ந்து அலசுவது), இடைவேளை, டெக்னிக்கல் பாஸ் (கோளாறால் ஆட்டம் நிற்பது) எல்லாம் சேர்ந்தால் ஸ்டுடியோவில் ஆறு மணி நேரம். 16 டீமின் ரோஸ்டர், யார் வந்தார்கள் யார் போனார்கள், எந்த டீம் எங்கே இறங்கும், முந்தைய நாள் பாயின்ட்ஸ் டேபிளில் யாருக்கு என்ன தேவை, இதற்கு ஐந்து மணி நேரம். கோயம்புத்தூர் ஸ்டுடியோ என்றால் போக வர மூன்று மணி நேரம். மொத்தம் 14 மணி, மணிக்கு 214 ரூபாய். சாப்பாடும் பஸ்ஸும், கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோவும் கழித்தால் 200-க்குக் கீழே வந்துவிடும். வீட்டிலிருந்தே ரிமோட்டில் செய்தால் பயணம் மிச்சம், அதற்குப் பதிலாக இன்வெர்ட்டர், இரண்டாவது நெட் கனெக்‌ஷன், துலாம் மாத இடியில் போகிற ரூட்டர் என்று செலவு வேறு பக்கம் திரும்பும். இதையெல்லாம் ஆர்கனைசர் கணக்கில் எடுக்க மாட்டார், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

மாதக் கடைசியில் நோட்டைத் திறந்தால் ஏதாவது ஒரு பத்தி கண்ணில் குத்தும். எந்தப் பத்தியோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பணம் குத்தினால்

இது நம்மூர்க்காரர்களின் பிரச்சினை மட்டும் இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2016-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேமின் எம்எஸ்ஐ என்ற சர்வதேசப் போட்டிக்கு, அந்தக் காலத்தில் உச்சத்தில் இருந்த கேஸ்டர்கள் மான்டெகிரிஸ்டோவும் டோவாவும் போகவில்லை. கொடுப்பதாகச் சொன்ன தொகை வெளிச்சந்தையில் ஃப்ரீலான்சருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். உலகமே குரலைக் கேட்டால் அடையாளம் சொல்லும் ஆட்களுக்கே அப்படி என்றால், பிராந்திய மொழி ஸ்ட்ரீமுக்கு ஒதுக்குகிற பட்ஜெட் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எல்லைப்பக்கத்து ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு பொறி உண்டு. பள்ளியில் தமிழ் மீடியம், பஸ் போர்டு மலையாளம், அதனால் நமக்கு இரண்டும் வரும். இது ஆர்கனைசருக்குத் தெரிந்ததும் வருகிற வாட்ஸ்அப் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணா, சாயங்காலம் மலையாளம் ஸ்ட்ரீமும் நீங்களே பாத்துக்கோங்க, ப்ரெப் ஒண்ணுதானே." தயாரிப்பு ஒன்றுதான், தொண்டையும் ஒன்றுதானே. இரண்டு மொழி என்றால் இரண்டு ஸ்ட்ரீம், இரண்டு பார்வையாளர் கூட்டம், இரண்டு தடவை ஸ்பான்சர் விளம்பரம் படிப்பது, ஆகவே இரண்டு தொகை. முழு இரண்டு மடங்கு கேட்கக் கூச்சமாக இருந்தால் இரண்டாவது மொழிக்கு முதல் தொகையில் முக்கால் பங்கு கேளுங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். ஒரு தடவை ஒரே தொகைக்கு இரண்டும் செய்துவிட்டால் அடுத்த வருஷம் அதுவே உங்கள் ரேட் ஆகிவிடும், உங்களுக்கு மட்டும் இல்லாமல் பக்கத்து ஊரில் இருந்து வருகிற பையனுக்கும் அதுவே ரேட்.

மலப்புறம், பாலக்காடு பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்தில் மைக் பிடிக்கிறவருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் கபடிக்கு மைக் பிடிக்கிறவருக்கும் பெரும்பாலும் அன்று ராத்திரியே கமிட்டிக்காரர் கையில் காசைத் திணித்து அனுப்பிவிடுவார். நமக்கு இன்வாய்ஸ், அப்ரூவல், வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன், "ஃபைனான்ஸ் டீம் கிட்ட கேக்கறேன் ப்ரோ". இதற்கு மூன்று வேலை செய்யலாம்.

ஒன்று, தொகை, நாள், மொழி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மேட்ச், எத்தனை நாளில் பணம், போட்டி தள்ளிப்போனால் என்ன, எல்லாவற்றையும் மெயிலில் எழுதி, அவர் "ஓகே" என்று பதில் போட்ட பிறகு ரோஸ்டரைத் திறங்கள். போனில் பேசியது காற்றில் போகும்.

அடுத்தது உத்யம் பதிவு, சிறு தொழில் செய்கிறவர்களுக்கான அரசாங்கப் பதிவு. காசு கிடையாது, ஆதாரும் பானும் போதும், தனி ஆளாகச் சேவை செய்கிறவரும் பதிவு செய்யலாம். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்தாலும் பணம் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் இந்தச் சட்டப்படி உங்கள் மாநிலத்தில் இருக்கும் கவுன்சிலில்தான், கொடுக்க வேண்டியவர் மும்பையில் இருந்தாலும் கொழிஞ்சாம்பாறைக்காரர் கேரளக் கவுன்சிலிலேயே ஆன்லைனில் போடலாம். வேலை செய்வதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும் என்பது முக்கியம், பணம் வராத பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்து பயனில்லை. பாதிப் பேருக்குப் புகார் வரை போக வேண்டியிருக்காது, இன்வாய்ஸின் மேலே உத்யம் எண்ணும் கீழே 45 நாள் கெடு பற்றிய குறிப்பும் இருந்தாலே ஃபைனான்ஸ் டீமுக்கு ஞாபகம் வந்துவிடும்.

மூன்றாவது டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடித்துக்கொள்கிற வரி. ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தருவது 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2008-லேயே வருமான வரித் துறை விளையாட்டு வர்ணனையாளரையும் ஆங்கரையும் இதற்கான தொழில் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதனால் "இதெல்லாம் ஒரு தொழிலா" என்று வீட்டில் மாமா கேட்டால் அரசாங்கம் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்றால் ரிட்டர்ன் போட்டால் அந்த 10 சதவீதம் திரும்பி வரும். போடாமல் விடுகிறவர்கள் நிறைய. நோட்டில் குத்துகிற பத்தி சில பேருக்கு இதோடேயே ஆறிவிடும்.

கேம் கம்பெனியுடையது, அதை மறக்கக் கூடாது

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த காலத்தில், நாளைக் காலை கிரிக்கெட்டே இருக்காது என்ற பயம் அவருக்கு இருந்திருக்க வழியில்லை. நமக்கு அந்தப் பயம் உண்மை. பப்ஜி மொபைலுக்கு இந்தியாவில் 2020 செப்டம்பர் 2-இல் தடை. பிஜிஎம்ஐ என்ற பெயரில் 2021 ஜூலையில் வந்தது. 2022-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2-இல் டிவி நேரலை வரை போய், எல்லோர் வீட்டிலும் "டிவியில வருதாம்டா" என்று பேச ஆரம்பித்த அதே ஜூலையில், 28-ஆம் தேதி ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. திரும்பி வர 2023 மே ஆனது. இடையில் பத்து மாதம். ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது, மேக்ஸ் மட்டும் மிஞ்சியது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் ஈஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது, கூடவே பணம் வைத்து ஆடும் கேம்களையும் அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்தது. போட்டிகளுக்கு அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஸ்பான்சர் காசு அதோடு நின்றது.

தடை இல்லாமலும் இது நடக்கும். 2018-இல் பெரிய ஆர்ப்பாட்டத்தோடு ஆரம்பித்த ஓவர்வாட்ச் லீக் 2023-இல் முடிந்துவிட்டது. முன்னால் சொன்ன மான்டெகிரிஸ்டோவும் டோவாவும் அங்கேயும் மைக் பிடித்தவர்கள்தான், 2020 ஆரம்பத்திலேயே வெளியே வந்துவிட்டார்கள்.

ஆகவே ஒரே கேமை நம்பிக் குடும்பம் நடத்தாதீர்கள். கூடவே இன்னொரு கேமை மாதத்துக்கு ஒரு சின்னப் போட்டியாவது கேஸ்ட் செய்துவையுங்கள், காலேஜ் போட்டியானாலும் சரி. பத்து மாதம் ஒரு ரூபாய் வராவிட்டால் வீடு ஓடுமா என்று கேட்டுப்பாருங்கள். ஓடாது என்றால் இதை முழுநேர வேலையாக வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

கேம் ஆடிய நேரம் பூஜ்யம் என்று வந்தால்

இதுதான் பேச்சில் வராத காரணம். வாலரன்ட் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச் (கேமில் மாற்றம் செய்யும் அப்டேட்) விடுகிறது. ஒரு ஏஜென்டின் (ஆடுகிற கதாபாத்திரத்தின்) எபிலிட்டி விலை 50 கிரெடிட் மாறினாலும் நீங்கள் அதைத் தெரிந்துகொண்டுதான் மைக்கில் உட்கார வேண்டும், தெரியாவிட்டால் சாட் சும்மா விடாது. ஸ்க்ரிம் (அணிகளின் பயிற்சி ஆட்டம்) தகவல், மெட்டா (அந்த நேரத்தில் எடுபடுகிற உத்தி), புது ரோஸ்டர் என்று எல்லாம் கேமைச் சுற்றியே நடக்கும், கேமுக்குள் மட்டும் போக நேரம் இருக்காது. அப்படியே போனாலும் வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பிக்கும், "இங்க ரோட்டேட் பண்ணணும், பண்ணல" என்று. நண்பர்கள் ஸ்குவாடில் கூப்பிட்டால் எரிச்சல் வரும். அந்த எரிச்சல் வந்துவிட்டால் மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

செய்யக்கூடியது என்னவென்றால், நீங்கள் ஆடுகிற கேமையும் கேஸ்ட் செய்கிற கேமையும் கொஞ்சம் பிரித்துவையுங்கள். வாலரன்ட் கேஸ்ட் செய்கிறவர் தரவரிசைக்கு ஆடும் ராங்க்டு பக்கம் போகாமல், சும்மா சுட்டு விளையாடும் டெத்மேட்ச் மட்டும் ஆடலாம், அல்லது கேஸ்டிங்குக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேமை வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பொதுவில் பேசாமல் இருக்கலாம், க்ளிப் போடாமல், கருத்து சொல்லாமல். வாரத்தில் ஒரு நாள் எந்த மேட்சும் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபைனல் வாரம் தவிர.

இன்னொன்று, மைக்கில் உங்கள் இடத்தை மாற்றிப் பார்க்கலாம். நடப்பதை நொடிக்கு நொடி சொல்லும் ப்ளே பை ப்ளே செய்கிறவருக்குத்தான் அலுப்பு அதிகம். வானொலி கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் மூச்சுவிட இடம் உண்டு. வாலரன்டில் ஆயுதம் வாங்க 30 வினாடி பை ஃபேஸ், அதற்குள் கூடக் கேஸ்ட் செய்கிற பார்ட்னர் எந்த அணியிடம் எவ்வளவு கிரெடிட் என்று எக்கானமி பேசுவார், நீங்கள் தண்ணீர் குடித்தாக வேண்டும், பிறகு 100 வினாடி ரவுண்டு, ஸ்பைக் (குண்டு) வைத்தால் மேலும் 45 வினாடி. 13 ரவுண்டு ஜெயிக்க வேண்டும், 12-12 என்றால் ஓவர்டைம், பெஸ்ட் ஆஃப் த்ரீ என்றால் இதையே மூன்று மேப் வரை. கலருக்கு, அதாவது ஆட்டத்தை அலசிச் சொல்லும் இடத்துக்கு, மாறினால் கத்த வேண்டியதில்லை, யோசித்தால் போதும். ஆட்டம் புரிகிற ஆட்களுக்கு அது இன்னும் பொருந்தும், ஆனால் வேகமாகப் பேச வருகிறது என்ற ஒரே காரணத்துக்காக நம்மை ப்ளே பை ப்ளேயிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் மாற்ற மாட்டார்கள்.

தொண்டை

காலையில் குரல் கரகரப்பது பழகிவிட்டது என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் இஎன்டி டாக்டரிடம் போய் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள், பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும் இதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. குரல்நாணில் முடிச்சு இருந்தால் முதலில் பெரும்பாலும் ஸ்பீச் தெரபிதான், உடனே கத்தி வைக்க மாட்டார்கள், அந்தப் பயத்தில் தள்ளிப்போட வேண்டாம்.

சுக்குக்காப்பி இதமாக இருக்கும், குடியுங்கள், ஆனால் நாம் விழுங்குவது எதுவும் குரல்நாணைத் தொடுவதில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து உடம்பு மூலமாகத்தான் அங்கே ஈரம் போக வேண்டும், மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு ஒரு பாட்டிலைக் காலி செய்தால் ஓடத்தான் வேண்டியிருக்கும். குரல் போன பிறகு கிசுகிசுப்பாகப் பேசினால் ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பதும் தப்பு, அதுவும் சிரமம்தான், பேசாமல் இருங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். ஆரம்பிப்பதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு "ஊ" என்று ஐந்து நிமிஷம் குமிழி விடுங்கள், வீட்டில் சிரிப்பார்கள், பாட்டுக்காரர்களும் செய்கிறதுதான்.

பெரிய எதிரி இரண்டு பேர். ஹெட்போனில் கேம் சத்தம் அதிகமாக இருந்தால் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம், அதனால் கேம் சத்தத்தைக் குறைத்து உங்கள் குரலை உங்கள் காதில் கொஞ்சம் ஏற்றச் சொல்லி ஆடியோ ஆளிடம் கேளுங்கள். வீட்டில் செய்கிறீர்கள் என்றால், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அடிக்கும்போதும் தகர ஷீட்டில் மழை கொட்டும்போதும் இதே கதை, அறையைச் சரிசெய்யுங்கள், கத்தி ஈடுகட்டாதீர்கள். இரண்டாவது எதிரி, மேட்ச் முடிந்து பதினொன்றரைக்குச் சாப்பிடுகிற பரோட்டாவும் பீஃபும். சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கும், காலைக் கரகரப்புக்குப் பாதிப் பேரிடம் காரணம் இதுவாக இருக்கும் என்பது என் சந்தேகம். சாயங்காலம் ஆறு மணிக்கே முக்கால் வயிறு சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

சாட்

சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் ஸ்ட்ரீமில் மலையாள வாடை என்பார்கள், மலையாளம் ஸ்ட்ரீமில் பாண்டி (தமிழர்களை மட்டம்தட்டும் சொல்) என்பார்கள், எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டு பக்கமும் அடி. பெண் கேஸ்டர்களுக்கு வருவது இதைவிட நூறு மடங்கு அசிங்கம், அதை அவரவர் சகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஆர்கனைசரின் அயோக்கியத்தனம். மாடரேட்டர் இருக்கிறாரா, யார், எந்த நேரம் வரை என்று ஒப்பந்த மெயிலிலேயே கேளுங்கள். நேரலையில் சாட்டை மூடிவையுங்கள். பேச்சு நன்றாக இருந்ததா என்பதை மறுநாள் இரண்டு பேரிடம் மட்டும் கேளுங்கள், ஒருவர் உங்கள் பார்ட்னர், இன்னொருவர் அந்த கேமை நன்றாக ஆடத் தெரிந்தவர். உங்கள் வட்டாரப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை என்று நினைக்கிறேன், பெயர்களைச் சரியாக உச்சரித்தால் போதும்.

அடுத்த படி எங்கே?

பணம், தொண்டை, சாட் எல்லாம் சரியாகிவிட்டாலும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், யோசித்துப் பார்த்தால் இந்தக் காரணம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. ஐந்து வருஷம் கேஸ்ட் செய்தவருக்கும் இந்த வருஷம் வந்தவருக்கும் வேலையும் ஒன்று, நாற்காலியும் ஒன்று, ரேட்டும் கிட்டத்தட்ட ஒன்று. சீனியர் என்ற பதவி கிடையாது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஈஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்திடம் ஒப்படைத்தது, 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கமே கொடுத்தார்கள், நல்ல விஷயம், அதனால் வர்ணனையாளருக்கு ஒரு படி கூடியதா என்றால் இல்லை.

படி இல்லாத இடத்தில் பக்கவாட்டில்தான் நகர வேண்டும். பெரிய லீக்குகளில் நடந்ததும் அதுதான். ஐரோப்பிய லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் பெயர்பெற்ற டெஃபிசியோ 2018 கடைசியில் மைக்கை விட்டு ஆரிஜன் அணியின் நிர்வாகத்துக்குப் போனார். கொரிய லீக்கை ஆங்கிலத்தில் வர்ணித்த பாப்பாஸ்மித்தி 2019-ஐ முடித்துவிட்டு 100 தீவ்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் ஆனார். இருவரும் ஆட்டத்தைப் படிக்கிறவர்கள், அந்தப் படிப்பு மைக்குக்கு வெளியேயும் விலைபோனது.

உங்களுக்கு எது பொருந்தும் என்று நோட்டிலேயே தெரியும். தயாரிப்பு நேரம் உங்களுக்குச் சுமையாகவே இல்லை, அதுதான் பிடித்திருந்தது என்றால் அனலிஸ்ட், கோச் பக்கம் பாருங்கள். சண்டை எங்கே வெடிக்கும் என்று அரைநொடி முன்பே தெரிகிற கண் இருந்தால் அப்சர்வர் (ஸ்ட்ரீமில் எந்தக் காட்சியைக் காட்டுவது என்று கேமராவை நகர்த்துகிறவர்) வேலை கேளுங்கள், நல்ல அப்சர்வருக்கு எப்போதும் தட்டுப்பாடு, திட்டு விழுந்தாலும் முகம் தெரியாது. காத்திருக்கும் நேரத்தில் ரன்டவுனை (நிகழ்ச்சி வரிசையை) திருத்திக்கொண்டிருந்தீர்கள் என்றால் புரொடக்‌ஷன். குரல்தான் சொத்து என்றால் டப்பிங், எஃப்எம், கபடி, கால்பந்து. இரண்டு மொழி தெரிந்த குரலுக்கு விளம்பர டப்பிங்கில் கேஸ்டிங்கைவிட மரியாதை உண்டு, அங்கே இரண்டு மொழிக்கு ஒரே தொகை என்று கேட்க யாருக்கும் தைரியம் வராது.

விட்டே ஆக வேண்டும் என்றால்

முதலில் பார்ட்னரிடம் சொல்லுங்கள். டுவோவாகப் பெயர் வாங்கியிருந்தால் உங்கள் விலகல் அவருடைய வருமானத்தையும் தொடும், அவர் பொதுவெளியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்தது வீடு. வீட்டில் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பதற்கு முன் பாக்கி எல்லாவற்றையும் வசூலியுங்கள். இதில் வெட்கப்படாதீர்கள். இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்ட கேஸ்டரின் இன்வாய்ஸ் அடுக்கின் அடியில் போய்விடும். விஓடிக்களைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சேனல்கள் பிரைவேட் ஆவதும் அழிவதும் சாதாரணம். அதிலிருந்து மூன்று நிமிஷ ரீல் ஒன்று வெட்டுங்கள், கத்திய இடங்களை மட்டும் போடாமல், டெக்னிக்கல் பாஸ் பதினைந்து நிமிஷம் நீண்டபோது நீங்கள் இழுத்துப் பிடித்த இடத்தையும் போடுங்கள். அடுத்த வேலை தருகிறவர் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒப்புக்கொண்ட போட்டியை முடித்துவிட்டு விடுங்கள், குரூப் ஸ்டேஜுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் வேண்டாம். அறிவிப்பு எழுதும்போது யாரையும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள், நன்றி சொல்லி நான்கு வரி போதும். உண்மையான காரணத்தை ஆர்கனைசருக்கு மட்டும் தனி மெயிலில், தேதியோடும் தொகையோடும் எழுதி அனுப்புங்கள். அடுத்து வருகிறவருக்கு ஐம்பது ரூபாயாவது கூடினால் லாபம்தானே. உங்கள் டீம் நோட்ஸை அந்த அடுத்த பையனுக்கோ பொண்ணுக்கோ கொடுங்கள், கூடவே உங்கள் ரேட்டையும் சொல்லிக்கொடுங்கள். ரேட்டை ரகசியமாக வைப்பதால் லாபம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விட்ட முதல் மாதம் மேட்ச் பார்க்க வேண்டாம், ஆடுங்கள். நண்பர்களோடு, தோற்றுக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டு. அப்புறம் பார்க்க ஆரம்பிக்கும்போது உங்கள் தமிழ் ஸ்ட்ரீமைப் போடாதீர்கள், உங்களுக்குப் புரியாத ஏதாவது மொழியில் பாருங்கள், இல்லாவிட்டால் மனசுக்குள் ஒவ்வொரு வரியையும் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

கட்டாயம் ஒரு போன் வரும். பெரும்பாலும் போட்டிக்கு முந்தைய நாள் ராத்திரி. "அண்ணா, ஒரே ஒரு நாள், கேஸ்டருக்குக் காய்ச்சல், நீங்க வந்தாத்தான் ஸ்ட்ரீம் போகும்." ஆசையாகத்தான் இருக்கும். பழைய ரேட்டைப் போல இரண்டு மடங்கு, பாதி முன்பணம், ஒரு மொழி மட்டும் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் போய் ஜாலியாக ஒரு நாள் பேசிவிட்டு வாருங்கள். "பட்ஜெட் இல்லண்ணா" என்றால், சரி தம்பி, நாளைக்கு நானும் வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வையுங்கள்.